நின்ற இடத்தில் உழக்குதல்

கேள்வி: வாரத்தில் நான்கு நாள் காலையில் பண்ணைப் பாலத்தில் ஆறேழு கிலோமீற்றர் ஓடுகிறேன், போட்டிக்காக அல்ல, உடம்புக்காக. கனடாவில் இருக்கும் அண்ணா, பின்சில்லைக் கழற்றிவிட்டுச் சைக்கிளைப் பூட்டி வீட்டுக்குள்ளேயே உழக்கும் பயிற்சிக் கருவி ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஸ்விஃப்ட் என்ற செயலியில், திரையில் தெரியும் வீதிகளில் நாம் ஓடுவதுபோலக் காட்டுமாம். மாரி முடியும்வரை ஓட்டத்தை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தால் போதுமா? அப்பாவின் பழைய சைக்கிளை இதில் பூட்டலாமா? நின்ற இடத்தில் உழக்குவது வீண்வேலை என்கிறார் அப்பா.
– வாசகர், கொட்டடி.

பதில்: உங்கள் கேள்வியைவிட உங்கள் அப்பாவின் சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நின்ற இடத்தில் உழக்குவது வீண்வேலை என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பெற்றோல் வரவில்லை, டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் சைக்கிளை டபுள் ஸ்ராண்டில் ஏற்றி, முன்சில்லில் இருந்த தைனமோவைக் கழற்றிப் பின்சில்லின் ரயரோடு உரசும்படி பூட்டி, அதிலிருந்து இரண்டு வயர்களை றேடியோவுக்கு இழுத்துவிட்டு, இரவுச் செய்தி முடியும்வரை நான் உழக்குவேன். 6 வோல்ற்று, 3 உவாற்று: அந்தச் சிறிய தைனமோ தரக்கூடியது அவ்வளவுதான். உழக்குவது தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து கிணற்றுக்குள் போய்விடும். வேகம் கூடினால் றேடியோ எரிந்துவிடும் என்று மாமா என் தோளில் கைவைத்து அழுத்துவார். கூடாமல் குறையாமல் அரைமணி நேரம் ஒரே சீராக உழக்க நான் பழகியது அந்த விறாந்தையில்தான். உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் கருவியும் உங்களிடம் அதே சீரைத்தான் கேட்கும். அது உவாற்றுக் கணக்கைத் திரையில் எழுதிக் காட்டுகிறது; எங்களுக்கு அறிவிப்பாளரின் குரல் அதைச் சொல்லிற்று. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் அந்நாட்களில் யாருக்காகவோ நின்ற இடத்தில் உழக்கியிருப்பார்.

நீங்கள் ‘உழக்கும்’ என்று எழுதியிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. இச்சொல்லை நான் எழுதியதற்காக முன்பொரு முறை இதே பக்கத்தில் வாசகர் ஒருவர் என்னைக் கண்டித்திருந்தார். மிதித்தல்தான் எழுத்துத் தமிழ், உழக்குதல் ஊர்ப்பேச்சு என்பது அவருடைய வாதம். நான் இன்றும் உடன்படவில்லை. மிதிப்பது என்பது காலைக் கீழே அழுத்துவது; ஒருமுறை அழுத்தினாலும் அது மிதிப்புத்தான். உழக்குவது என்பது யானை சேற்றைக் கலக்குவதுபோல விடாமல் மிதித்துக்கொண்டே இருப்பது. இது சொல்லாராய்ச்சி மட்டுமல்ல, உங்கள் முழங்காலைப் பற்றிய பேச்சும்கூட. ஓட்டக்காரர் சைக்கிளில் ஏறியவுடன் செய்யும் முதற்பிழை மிதிப்பதுதான்: கனத்த கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலில் முழுப்பாரம். கியரை இலேசாக்கி, நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று உழக்குங்கள். நீங்கள் ஓடும்போது நிமிடத்துக்கு 170, 180 அடி வைப்பவரானால், ஒரு காலுக்கு அது 85, 90 ஆகிறது. அந்தத் தாளம் உங்கள் கால்களுக்கு ஏற்கெனவே தெரியும். சீற்றையும் உயர்த்துங்கள். பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிமிர வேண்டும். வீதியில் கால் ஊன்றுவதற்கு வசதியாகச் சீற்றைத் தாழ்த்தியே பழகிவிட்டோம். அந்த உயரத்தில் ஒரு மணி நேரம் உழக்கினால் முழங்காலின் முன்பக்கம் நோகும்.

இதை மட்டும் செய்தால் போதுமா என்றால், போதாது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போதும், கால்களுக்குப் போதாது. 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் முதலாவது மெய்நிகர் உலகச் சம்பியன் போட்டியை இதே ஸ்விஃப்டில் நடத்தியபோது, ஆண்களில் வென்ற ஜெர்மனியரான ஜேசன் ஒஸ்போர்ன் ஒரு துடுப்புப் படகு வீரர். படகில் வளர்த்த இதயம் சைக்கிளிலும் வேலை செய்தது. ஆனால் அவர் அதற்காகத் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் படகோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். நீங்களும் ஓட்டத்தைக் கீழே வைக்க வேண்டாம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. தசை நீண்டுகொடுத்தபடியே அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. எலும்பும் கெண்டைக்காலும் குதிநாணும் அந்த அடியை வாங்கி வாங்கித்தான் உறுதிப்படுகின்றன. பெடலில் தசை சுருங்கித் தள்ளுவதோடு சரி, மேலிருந்து விழும் பாரம் இல்லை. காலில் காயப்பட்ட ஓட்டக்காரருக்குச் சைக்கிள் உதவுவதும் இதனால்தான், அது ஓட்டத்துக்கு ஈடாகாமல் போவதும் இதனால்தான். இரண்டு மாதம் உழக்கிவிட்டுத் தைப்பொங்கல் கழித்துப் பாலத்தில் இறங்கினால், பெருகிய மூச்சு உங்களைப் பழைய வேகத்துக்கு இழுக்கும். கெண்டைக்கால் அதற்கு ஆயத்தமாக இருக்காது. அப்படி இறங்கி ஒரு வாரத்துக்குள் நொண்டி நின்ற நல்ல ஓட்டக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே வாரத்தில் இரண்டு நாளாவது, மழை விட்ட நேரம் பார்த்து, 20 நிமிடமாவது ஓடுங்கள். மற்ற இரண்டு நாளில் ஒன்றில் பேச்சு முட்டாத அளவில் ஒரு மணி நேரமும், மற்றொன்றில் இடையிடையே நான்கு நிமிடக் கடும் உழைப்பாக அதைவிடக் குறைந்த நேரமும் உழக்குங்கள். ஓட்டத்தில் கண்ட இதயத்துடிப்பைச் சைக்கிளில் தேட வேண்டாம். அதே உழைப்புக்குப் பலருக்கு 5 முதல் 10 துடிப்புக் குறைவாகவே காட்டும்.

குடாநாட்டில் இல்லாத ஒன்றையும் இக்கருவி தருகிறது: ஏற்றம். கீரிமலை என்று பெயர் இருந்தாலும் அங்கே ஏறுவதற்கு மலை இல்லை. பிரான்சின் ஆல்ப் டுயேஸ் மலைவீதியைப் பார்த்து அமைத்த ஏற்றம் ஒன்று ஸ்விஃப்டில் உண்டு. 21 வளைவுகள், ஏறக்குறைய 12 கிலோமீற்றரில் ஆயிரம் மீற்றருக்குமேல் உயரம். பழகிய பின்னர் மாதத்தில் ஒருமுறை அதில் ஏறிப் பாருங்கள்.

நான் எல்லாவற்றிலும் மேலாக வற்புறுத்துவது காற்றை. உழைக்கும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவே பெடலுக்குப் போகிறது, மிச்சம் முழுவதும் வெப்பமாகிறது. நீங்கள் 150 உவாற்றில் உழக்கினால் ஏறக்குறைய 500 உவாற்று வெப்பத்தை உடம்பு வெளியேற்ற வேண்டும். 1,000 உவாற்று இஸ்திரிக்கைப்பெட்டி தரும் சூட்டில் பாதி அது. பாலத்தில் சோளகமோ வாடையோ அதை வாரிக்கொண்டு போய்விடும். அறைக்குள், திரையில் நீங்கள் மணிக்கு 30 கிலோமீற்றரில் பறந்தாலும், தோலில் ஒரு துளிக் காற்றும் படாது. உடம்பைக் குளிர்விப்பது காயும் வியர்வைதான். மாரியின் ஈரக்காற்றில் அது காயாமல் நிலத்தில் சொட்டிக்கொண்டிருக்கும், அதே உவாற்றுக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். யன்னல்களைத் திறந்து, பெரிய விசிறி ஒன்றை நெஞ்சுக்கு நேராக வையுங்கள். ஹாண்டிலின்மேல் ஒரு துவாயைப் போடுங்கள். வியர்வையின் உப்பு இரும்பை அரிக்கும். முடிந்ததும் உப்புப் போட்ட மோர் குடியுங்கள்.

அப்பாவின் சைக்கிளை இதில் பூட்ட வேண்டாம். அதன் கனத்த பின்னச்சும் அகன்ற செயினும் கியர்ச் சைக்கிளுக்கென்று செய்த இக்கருவிக்குப் பொருந்தா. கைமாற்றாகக் கியர்ச் சைக்கிள் ஒன்று வாங்குவதானால், பிறேம் உங்கள் உயரத்துக்குச் சரியா என்று பாருங்கள். பின்சில்லில் எத்தனை பற்சில்லுகள் இருக்கின்றன என்று எண்ணி, கருவியில் இருப்பதோடு ஒப்பிட்ட பின்னரே பணத்தைக் கொடுங்கள்.