மருத்துவச் சான்று இருந்தும், நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகையை பிரிட்டனில் ஏன் மறுக்கிறார்கள்?

இந்த உதவித்தொகைக்காக நடத்தும் வேலைத்திறன் மதிப்பீட்டில் (Work Capability Assessment) பார்ப்பது நோயின் பெயரை அல்ல, உங்களால் என்ன செய்ய முடிகிறது என்பதை. 2008இல் வந்த இந்த முறையில் ஒவ்வொரு செயலையும் எந்த அளவுக்குச் செய்ய முடியவில்லை என்பதற்குப் புள்ளிகள் உண்டு. உதவித்தொகை கிடைக்கப் பொதுவாக 15 சேர வேண்டும். அரை லிட்டர் பால் பெட்டியைக்கூட தூக்கி நகர்த்த முடியாதவருக்கு 15. அரை லிட்டரைத் தூக்கிவிட்டு, ஒரு லிட்டரில் தோற்பவருக்கு 9தான். மீதி 6ஐ வேறு எங்காவது தேற்ற வேண்டும். கொடுமையான கணக்கு இது.

ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் படுக்கையாகவும் இருப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். "50 மீட்டர் நடப்பீர்களா?" என்றால் பழக்கதோஷத்தில் "நடப்பேன்" என்று சொல்லிவிடுவார்கள். நடந்தபின் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றதைச் சொல்ல மாட்டார்கள். அதே தூரத்தைத் திரும்பத் திரும்ப நடக்க முடிகிறதா என்றும் விதி பார்க்கச் சொல்கிறது. அதனால் அதை விடாமல் சொல்லுங்கள், மதிப்பீட்டுக்காக நிரப்பும் படிவத்திலும் எழுதுங்கள்.

சரி, மறுத்துவிட்டால்? சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அப்புறம் தீர்ப்பாயம். அங்கே நீதிபதியோடு ஒரு மருத்துவரும் உட்கார்ந்து கேட்பார். படிவத்தை அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.