ஆளாளுக்கு ஒரு வசனம் காட்டினால் வேதத்துக்கு என்ன அதிகாரம்?

கேள்வி: "வேதமே இறுதி அதிகாரம் என்கிறார்கள். ஆனால் ஆளாளுக்கு ஒரு வசனத்தை எடுத்துக் காட்டி, தங்கள் பக்கமே நியாயம் என்கிறார்கள். அப்படியானால் அந்த அதிகாரத்துக்கு என்ன பொருள்?"

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டிலோ சபையிலோ யாரோ உங்களை வசனத்தால் அடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என் ஊகம் தவறு என்றால் மன்னியுங்கள். நான் இறையியல் படித்தவன் அல்ல. ஆனால் வசனத்தால் ஒருவரை அடித்தவன். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அப்பா இறந்த பிறகு எனக்கும் என் தம்பிக்கும் சொத்துத் தகராறு வந்தது. ஒரு வீடு, அதை ஒட்டி ஒரு துண்டு நிலம். அப்பாவின் கடைசி நான்கு ஆண்டுகளில் அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவில் விழித்திருந்தவன் தம்பி. "வீடு உனக்குத்தான்" என்று அப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. சட்டப்படி எனக்குப் பாதி உண்டு. என் மகனின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்ட நேரமும் அது. நான் பேராசைக்காரன் என்று இதைப் படிப்பவர்கள் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். கேட்டது என் பங்கைத்தான்.

தம்பி நிலத்தின் வேலியைச் சற்றுத் தள்ளிப் போட்டான். அன்று இரவே அவனுக்குக் கைப்பேசியில் ஒரு வசனம் அனுப்பினேன்: "உன் பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே" (நீதிமொழிகள் 22:28). வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று: "ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்" (1 தீமோத்தேயு 5:8). நான்கு ஆண்டுகள் அப்பாவை விசாரித்தவனுக்கு, மாதம் ஒருமுறை வந்துபோன நான் அனுப்பிய வசனம் இது. அனுப்பும்போது இது எனக்கு உறைக்கவில்லை. இரண்டுக்கும் நீலக்குறி விழுந்தது. பதில் வரவில்லை.

எங்கள் சபையில் ஆராதனையின்போது வேதபாடம் வாசிப்பவர்களில் நானும் ஒருவன். சனிக்கிழமை இரவே பகுதியை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்துவிடுவேன். அந்தச் சனிக்கிழமை, வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டிய தாள்களோடு உட்கார்ந்ததில் அது நடக்கவில்லை. ஞாயிறு காலை நாடா வைத்திருந்த இடத்தில் வேதத்தைத் திறந்து, லூக்கா 12ஆம் அதிகாரம், 13ஆம் வசனம் முதல் என்று அறிவித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

"அப்பொழுது ஜனக்கூட்டத்தில் ஒருவன் அவரை நோக்கி:"

அங்கே ஒரு முக்காற்புள்ளி இருக்கிறது. வாய் அதில் நிற்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "போதகரே, ஆஸ்தியைப் பாகம் பிரித்து என்னோடே பங்கிட்டுக்கொள்ளும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடவேண்டும்."

நான்காவது வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். பிறகு வாசித்தேன், வாசிக்காமல் இறங்க முடியாதே. அந்த "ஒருவன்" யார் என்று லூக்கா பெயர் சொல்லவில்லை. அவன் கேட்டதில் என்ன தவறு? பங்கைத்தானே கேட்டான்? இயேசு அவன் பக்கமும் பேசவில்லை, அண்ணன் தம்பி வழக்கை விசாரிக்கவும் இல்லை. "மனுஷனே, என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்கிறார். அடுத்த வசனமே, "பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்." அதற்குப் பிறகு களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட ஐசுவரியவானின் உவமை. ஒன்பது வசனங்களையும் என் வாயாலேயே வாசித்து முடித்தேன்.

உடனே மனம் திரும்பினேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். போதகர் யாரிடமோ விஷயத்தைக் கேள்விப்பட்டு, வேண்டுமென்றே அந்தப் பகுதியை எனக்கு ஒதுக்கியிருக்கிறார் என்று முடிவு செய்து, மறுநாள் அவரிடமே போய்க் கேட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் அச்சடித்த வேதபாட அட்டவணையை எடுத்து வந்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக விரலை வைத்தார். மூன்று ஆண்டுச் சுழற்சியில் எப்போதோ வகுத்து வைத்த பாடம். பல நாடுகளில், பல சபைகளில், கத்தோலிக்கர் நடுவிலும்கூட அதே சுழற்சியில் வாசிக்கப்படும் பகுதி. எனக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. முக்கியமாக, நான் தேர்ந்தெடுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு நான் அறிந்த பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் தேடிப் பொறுக்கிய இரண்டு வசனங்களும் வசனங்கள்தான். ஆனால் அங்கே அதிகாரம் செலுத்தியது நான். வசனம் என் கையில் இருந்த கோல். லூக்கா 12இல் கோல் என் கையில் இல்லை.

எரேமியா 36ஆம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். யோயாக்கீம் ராஜா குளிர்காலத்தில் கணப்புக்கு முன் உட்கார்ந்திருக்கிறான். எரேமியா தீர்க்கதரிசியின் சுருளிலிருந்து மூன்று நாலு பத்திகள் வாசிக்கப்பட்டதும், சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். இவனுடைய அப்பா யோசியா. தேவாலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசிக்கக் கேட்டதும் யோசியா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான் (2 இராஜாக்கள் 22). வார்த்தையைக் கேட்டு அப்பன் தன் உடையைக் கிழித்தான். மகன் சுருளையே அறுத்தான். ஆனால் சுருள் எரிந்ததோடு காரியம் முடியவில்லை. எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தன் மறுபடியும் எல்லாவற்றையும் எழுதினான்; புதிதாகவும் பல வார்த்தைகள் சேர்ந்தன.

உடனே ஒருவர் வந்து, "அடிமை வியாபாரிகளும் பைபிளைத்தானே காட்டினார்கள்" என்பார். உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் 1807இல் லண்டனில் என்ன அச்சிட்டார்கள் என்று பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு பைபிள். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய பாதி இல்லை. யோசேப்பு எகிப்தில் அடிமையாக விற்கப்பட்ட கதை இருக்கிறது, இஸ்ரவேலர் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட கதை இல்லை. முழு வேதத்தையும் அந்த மக்கள் கையில் கொடுக்க அஞ்சியிருக்கிறார்கள். யோயாக்கீமின் கத்திதான் அது. என் கைப்பேசியில் நான் செய்ததும் சிறிய அளவில் அதுவே.

"வேதத்தைத் தொகுத்ததே சபைதானே, பாரம்பரியத்தை ஏன் விட்டுவிட்டாய்" என்று வேறு சிலர் கேட்பார்கள். அலெக்சந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பஸ்கா நிருபத்தில் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் வரிசையாக இருப்பதை நானும் அறிவேன். "என் மனசாட்சி தேவனுடைய வார்த்தைக்குக் கட்டுப்பட்டது" என்று சீர்திருத்தவாதி லூத்தர் 1521இல் வோர்ம்ஸ் நகரில் நின்றதை நான் நெஞ்சில் வைத்திருப்பவன். ஆனாலும் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல், சபையின் போதக அதிகாரம் தேவ வார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்கு ஊழியம் செய்வதே என்று எழுதியிருக்கிறது. இந்தச் சண்டையை வேறு பதிலில் வைத்துக்கொள்வோம்.

கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல நாள் ஆதங்கம். ஆராதனையில் வேதம் வாசிப்பது ஏன் இப்படிச் சுருங்கிக்கொண்டே போகிறது? அறிவிப்புகளுக்குக் கால்மணி நேரம் இருக்கிறது. பாட்டுக்கு நேரம் இருக்கிறது. வேதபாடம் மட்டும் "நேரமாகிவிட்டது, இரண்டு வசனம் போதும்" என்று வெட்டப்படுகிறது. திரையில் ஒற்றை வசனத்தைப் போட்டுவிட்டு அதன்மேல் ஐம்பது நிமிடம் பேசுகிறார்கள். காலையில் கைப்பேசியைத் திறந்தால் பூப்படத்தின்மேல் எரேமியா 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் இருக்கிறதே, அதை யார் படம் போட்டு அனுப்புகிறார்கள்? சிறையிருப்பில் பிள்ளை பெற்று, வீடு கட்டி, அங்கேயே மூப்படைந்து இறக்கப்போகிறவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் அந்த ஆறுதலின் கனம் புரிகிறது. தமிழ் வேதத்தில் வசனங்கள் சேர்ந்த பகுதிக்கே அதிகாரம் என்றுதான் பெயர். ஒரு வசனத்தை மட்டும் காட்டுகிறவரிடம், "அதிகாரத்தை முழுவதும் வாசிப்போமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

வசனம் காட்டுவதால் மட்டும் ஒருவர் பக்கம் நியாயம் ஆகிவிடாது என்பதற்கு, வனாந்தரத்தில் இயேசுவைப் பிசாசு சோதித்த கதையே சாட்சி. பிசாசும் 91ஆம் சங்கீதத்தைச் சரியான இடத்தில்தான் எடுத்தான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை மட்டும் விட்டுவிட்டான். இயேசு அதற்காக வேதத்தைத் தள்ளிவைக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். அந்த "என்றும்" என்பதில் உள்ள "உம்" எத்தனை முறை என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது! நீ காட்டியது எழுதியிருக்கிறது; இதுவும் எழுதியிருக்கிறது. உங்களை வசனத்தால் அடித்தவரிடம் இப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே கேள்வியை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

தம்பி வீட்டுக்குப் போக எனக்கு மூன்று மாதம் ஆனது. வீடு அவனுக்கு, நிலத்தில் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டோம். என் மனைவிக்கு அதில் இன்றும் மனக்குறை உண்டு. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று தம்பி சொன்னான்: "அண்ணா, அன்று நீங்கள் தண்ணீர் குடித்தபோது நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். பொருளாசை என்று நீங்கள் வாசித்தது எனக்குத்தான் என்று நினைத்தேன். அந்த வேலியைத் தள்ளிப் போட்டிருக்கக் கூடாது."

நான் அனுப்பியிருந்த இரண்டு வசனங்களையும் கைப்பேசியிலிருந்து அழித்துவிடச் சொன்னேன். அவன் எடுத்துப் பார்த்தான். அழிக்கவில்லை.

"இருக்கட்டும் அண்ணா," என்றான். "அவையும் வசனம்தானே."