சீசனுக்கு மட்டும் ஓடும் கார்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஓடுகிற காரைப் பற்றியவை அல்ல, நிற்கிற காரைப் பற்றியவை. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். டிசம்பர் சீசனுக்கு வந்தால் சபா சபாவாகப் போய்வர ஒரு கார் வைத்திருக்கிறான். பொங்கல் முடிந்து கிளம்பினால் அடுத்த மார்கழி வரை அது வாசலில்தான். போன வருஷம் எடுத்தபோது சக்கரம் சதுரமாகிவிட்டதுபோல் தடதடவென்று ஆடியது. டயர் போய்விட்டதா? (வாசகி, மயிலாப்பூர்)

இருபது முப்பது கிலோமீட்டர் ஓடி, டயர் சூடானதும் ஆட்டம் அடங்கியதா அம்மா? அடங்கியிருந்தால் கவலை இல்லை. அடங்கவில்லை என்றால் டயரில் நிரந்தரமாகத் தட்டை விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு சக்கரம் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். ஒரு டன் எடையை நான்கு உள்ளங்கைகள் பத்து மாதம் அசையாமல் தாங்குகின்றன. காற்றும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக இறங்கும். 33 பிஎஸ்ஐயில் விட்டுப்போன டயர் மார்கழிக்குள் 20 பக்கம் வந்துவிடலாம். அதோடு நம் ஊர் மே மாத வெயில் வேறு.

இன்னொரு சங்கதி. டயர் ரப்பரில் ஒருவகை மெழுகு கலந்திருப்பார்கள். வண்டி ஓடும்போது டயர் நெளிய நெளிய அது மேலே வந்து, வெடிப்பு விழாமல் காக்கும். நின்றுகொண்டே இருக்கிற டயருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஓடாமலேயே பக்கவாட்டில் வெடித்துப்போவது அதனால்தான்.

மகன் கிளம்பும் முன், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று அடிக்கட்டும். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், மாதக்கணக்கில் நின்றால் ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடலாம்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம்பட்சம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத் தெரிந்த யாராவது அரைமணி நேரம் ஓட்டினால் பாதிப் பிரச்சினை இல்லை. லஸ்ஸிலிருந்து பெசன்ட் நகர் போய்த் திரும்பட்டும், பேட்டரி ஒயரையும் கழற்ற வேண்டியதில்லை. வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, "அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள் பாருங்கள், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஸ்டார்ட் பண்ணச் செலவான கரண்ட் பேட்டரிக்கு முழுசாகத் திரும்பாது. சைலென்சரில் நீர் கோத்துத் துருப்பிடிக்கும். டயரோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்புறம், நிற்கிற காருக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று விட்டுவிடாதீர்கள். காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும்.

செங்கல் அடுக்கிக் காரைத் தூக்கி நிறுத்திவிட்டால் டயருக்கு நல்லதுதானே? (அண்ணா நகர்)

டயருக்கு நல்லதுதான். ஆனால் செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், அடியில் யாராவது இருந்தால் என்ன ஆகும்? ஓட்ட ஆள் இல்லையென்றால் மாதம் ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து கால் சுற்று தள்ளிவிடுங்கள், போதும்.

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் எங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறுகிறது. வண்டியை என்ன செய்வது? (வேளச்சேரி)

பெருமழை அறிவிப்பு வந்தால் உங்கள் ஏரியாக்காரர்கள் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை ஊரே பார்த்திருக்கிறது. சிரிக்க எனக்கு மனசு வராது. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? மேடான இடத்தில் தெரிந்தவர் வீடு இருந்தால் இன்னும் நல்லது.

மீறித் தண்ணீர் புகுந்துவிட்டால், தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் நீர் போயிருந்தால், சாவியைத் திருப்பிய அந்த நொடியிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். சாதாரண பாலிசி பொதுவாக இதற்குப் பணம் தராது, இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

டொராண்டோவில் இருக்கிறேன். கோடைக்கு மட்டும் எடுக்கும் கார் ஒன்று குளிர்காலம் முழுக்க கராஜில் நிற்கும். டயருக்கு என்ன செய்யலாம்? அப்பா சென்னையிலிருந்து உங்களைக் கேட்கச் சொன்னார்.

அப்பாவுக்கு வணக்கம். சம்மர் டயர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும். உறைபனிக் குளிரில் அதை உருட்டினால் ரப்பர் வெடிக்கலாம். எனவே மேலே மயிலாப்பூர் அம்மாவுக்குச் சொன்னதில் "அரைமணி நேரம் ஓட்டுங்கள்" என்பது உங்களுக்கு இல்லை. காற்றைக் கூட்டி வைத்துவிட்டு வசந்தம் வரை தொடாதீர்கள். கழற்றி வைப்பதானால், ரிம்மோடு இருக்கும் டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். ரிம் இல்லாததை நிமிர்த்தி வைத்து, அவ்வப்போது கொஞ்சம் சுழற்றிவிட வேண்டும். வெயில் படாத, ஈரமில்லாத இடம் முக்கியம்.

அப்பா வீட்டு மொட்டைமாடியில் பழைய டயர் ஏதாவது கிடந்தால் அதைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். மழைநீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது.

டயரில் 2317 என்று இருக்கிறது. பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) நன்றாகத்தான் இருக்கிறது, கடைக்காரர் மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா? (குரோம்பேட்டை)

இல்லை. 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர் அது. பட்டன் தேயாததற்குக் காரணம் வண்டி ஓடாததுதான், ரப்பருக்கு வயசு ஏறாமல் இருக்குமா? ஸ்டெப்னியையும் பாருங்கள், அது இன்னும் கிழடாக இருக்கும்.

கடற்கரைக்கு அருகில் வீடு. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் போதுமா? (திருவான்மியூர்)

வேண்டாம். உப்புக்காற்றின் ஈரம் உள்ளேயே தங்கி, கவருக்கு அடியில் கார் வெந்துகொண்டிருக்கும். காற்று புகும் துணிக் கவர் வாங்குங்கள், மூடும் முன் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

பானெட்டுக்குள் எலி. புகையிலை வைத்தால் போகுமா? (மேற்கு மாம்பலம்)

நாலு நாள் போகும். வாசம் போனதும் எலி வந்துவிடும்.