ஆல்ஜினேட் மணிகளில் வைட்டமின் சி தங்காதது ஏன்?

மாம்பழச் சாற்றில் சேர்ப்பதற்காக வைட்டமின் சி அடைத்த ஆல்ஜினேட் கூழ் மணிகளைச் செய்து, அவற்றை இறுகவைக்கக் கால்சியம் குளோரைடு கரைசலில் அரை மணி நேரம் ஊறவிடுகிறீர்கள். அவ்வளவு நேரம் ஊறவிடாமல், இறுகிய சில நிமிடங்களிலேயே வடித்தெடுங்கள். மாம்பழச் சாற்றில் போடும்போதே மணிக்குள் வைட்டமின் சி குறைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இழப்பின் பெரும்பகுதி ஊறல் கரைசலிலேயே நிகழ்ந்திருக்கக்கூடும்.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் கால்சியத்துடன் சேர்ந்து வலைபோல் இறுகுகிறது என்றாலும், அந்த வலைக்கண்களைவிட நீரில் கரையும் வைட்டமின் சி மூலக்கூறு மிகச் சிறியதாதலால் எளிதில் நழுவிவிடுகிறது. லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா போன்ற, அளவில் பெரிய உயிருள்ள செல்களைத்தான் அந்த வலை தனித்து நன்றாகப் பிடித்துவைக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நீர்த்த சோற்றுக் கஞ்சியில் மருந்துக்கடைப் போவிடோன் அயோடின் ஒரு சொட்டு விட்டால் நீலம் பிடிக்கும். அதில் வடித்த ஊறல் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும்போது நீலம் மறைந்தால், வைட்டமின் அங்கே கசிந்திருக்கிறது. மணி போடாத புதுக் கரைசலையும் அதே அளவில் சேர்த்து ஒப்பிடுங்கள்.

ஊறல் கரைசலிலும் மணிக்குள் உள்ள அதே செறிவில் வைட்டமின் சி கரைத்துவைத்தால் கசிவு வெகுவாகக் குறையும் (செலவு கூடும் என்பது வேறு விஷயம்). ஆனால் சாற்றுக்குள் போனபின் கசிவு மீண்டும் தொடங்கும். கைட்டோசான் பூச்சு அதைத் தாமதப்படுத்தும். அது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவதால், சைவ உணவாக விற்க எண்ணினால் பொருந்தாது.