கண்டியில் ஒரு நாள்: ஐந்து இடம் வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: நோர்வூட்டில் வசிக்கிறேன். நான் கண்டியைப் பார்த்ததே இல்லை. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மா, ஆஸ்பத்திரிக்காக மட்டும் போயிருக்கிறார். அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, பஹிரவகந்தை புத்தர் சிலை, உடவத்தகெலே காடு, தேயிலை அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

பதில்: ஓடினால் முடியும். அம்மாவை ஓட வைக்க முடியாதே. ஆகவே மூன்றை இப்போதே வெட்டிவிடுங்கள். பஹிரவகந்தை செங்குத்தான ஏற்றம். குன்றின் மேலிருக்கும் சிலையை நகரிலிருந்தே பார்க்கலாம். உடவத்தகெலேயில் அட்டை கடிக்கும். அதற்காகக் கண்டி வரை போவானேன்? ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகம் நல்ல இடம்தான். ஆனாலும் ஆயுள் முழுக்கக் கொழுந்துக்கூடை சுமந்தவருக்கு அங்கே யார் என்ன விளக்குவது?

எஞ்சிய இரண்டில் பேராதனையை முதலில் வையுங்கள். பலரும் நேரே கண்டிக்குப் போய் இறங்கி, நெரிசலில் ஆறு கிலோமீற்றர் திரும்பி வருகிறார்கள். நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வரும் உங்கள் பஸ் பேராதனையைத் தாண்டித்தான் நகருக்குள் போகிறது. அங்கேயே இறங்கிவிடுங்கள். காலை 7.30க்குப் பூங்கா திறந்துவிடும். வெயிலும் ஏறியிருக்காது, காலும் சோர்ந்திருக்காது. மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

மகாவலி வளைந்து சுற்றும் அந்த 147 ஏக்கரையும் நடந்து தீர்க்க நினைக்க வேண்டாம். ஓர்க்கிட் மலர்க்கூடம், புல்வெளியில் குடைபோல் விரிந்து நிற்கும் பெரிய அத்தி மரம், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரம் ஆகியவை போதும். அத்தி நிழலில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, அரச பனைச் சாலையை நீங்கள் மட்டும் போய்ப் பார்த்து வரலாம்.

இந்த வரிசையில் ஓர் இழப்பு உண்டு: தலதா மாளிகையின் காலை 9.30 பூஜை கிடைக்காது. மாலைப் பூஜை 6.30க்கு, அதற்கு நின்றால் வீடு சேர நள்ளிரவாகும். பூஜை வேளையில் மேல்மாடிக் கதவு திறக்கும். வரிசையில் நகர்ந்தபடி புத்தரின் புனிதப் பல் வைத்த பேழையைச் சில நொடிகள் காணலாம், பல்லை அல்ல. மேளத்தோடு அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால், என் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலில் மாளிகைக்குப் போங்கள். பேராதனையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். அம்மாவுக்குச் சேலை சரி, உங்கள் அரைக்காற்சட்டை சரிவராது. பெரஹர ஊர்வலத்தில் பல்லாண்டுகள் பேழை சுமந்து 1988இல் இறந்த 'ராஜா' யானையின் பதப்படுத்திய உடலும் வளாகத்திலேயே இருக்கிறது. அருகிலுள்ள பத்தினி தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே வணங்கப்படுபவள் நம் கண்ணகிதான். பிறகு, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த ஏரிக்கரையில் சற்று உட்காரலாம். முழுச் சுற்று வேண்டாம்.

போயா (பௌர்ணமி) நாளையும் எசல பெரஹர காலத்தையும் தவிருங்கள். ஞாயிறைவிட வார நாள் மேல். திரும்பும்போது பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். வழியில் கைகாட்டி ஏறினால் அம்மா கினிகத்தேனை வரை நின்றுகொண்டே வர நேரிடும்.