பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: டூருக்குக் கட்டலாமா, பஸ்ஸில் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரும் மே மாதம் மனைவி, 10 வயது மகள், 67 வயது அப்பா எல்லோருமாகச் சிங்கப்பூரிலிருந்து 4 இரவு கப்பல் பயணம் போகிறோம். கப்பல் மலேசியாவின் பினாங்குத் தீவிலும் தாய்லாந்தின் புக்கெட்டிலும் நிற்கும். பினாங்கில் காலை 8 மணியிலிருந்து மாலை 6 வரை. பினாங்கு மலையையும் ஊரையும் சுற்றிக்காட்டக் கப்பல்காரர்கள் ஆளுக்கு 85 சிங்கப்பூர் டாலர் கேட்கிறார்கள். உள்ளூர் பஸ், பெர்ரியில் போனால் சொற்பப் பணத்தில் முடிந்துவிடும் என்கிறார் நண்பர். கப்பலைத் தவறவிட்டுவிடுவோமோ என்று மனைவிக்குப் பயம். இந்தப் பயணத்துக்காகக் கிரெடிட் கார்டில் போட்டதில் 60,000 ரூபாய் இன்னும் பாக்கி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பினாங்குக்கு மட்டும் என்றால் பஸ்ஸில் போங்கள். ஆனால் திரும்பி வருவதற்கு டாக்ஸிக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு. கப்பல்காரர்கள் கேட்கும் 85 டாலரில் பாதிக்கு மேல் அதற்குத்தான்.

முதலில் கணக்கு. சிங்கப்பூர் டாலரை 70 ரூபாய் என்றும் மலேசியப் பணமான ரிங்கிட்டை 22 ரூபாய் என்றும் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். கப்பல் டூர் நான்கு பேருக்கு 340 டாலர், அதாவது 23,800 ரூபாய். இதில் மதியச் சாப்பாடு சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல டூர்களில் சேராது.

இனி நாமே போனால். பினாங்கில் பெரும்பாலும் ஸ்வெட்டன்ஹாம் துறையில்தான் கப்பலைக் கட்டுவார்கள். இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே விக்டோரியா மணிக்கூண்டு, பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. ஊருக்குள் வருவதற்கென்று தனி வண்டி தேவையில்லை. இதுவே பெரிய சேமிப்பு. கரையோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் வெல்ட் கீ பஸ் நிலையம், அதை ஒட்டியே எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் ஊருக்குப் போகும் பெர்ரித் துறை. அங்கிருந்து ரேபிட் பினாங்கு என்ற உள்ளூர் பஸ் நிறுவனத்தின் 204ஆம் எண் பஸ், ஆயர் ஈத்தாம் வழியாகப் பினாங்கு மலை அடிவாரம் வரை போகிறது. டிக்கெட் ஆளுக்கு 2 ரிங்கிட் சுமார், நான்கு பேருக்கு 8. மலை ரயிலுக்கு வெளிநாட்டவர் கட்டணம் பெரியவர்களுக்கு 30 ரிங்கிட், குழந்தைக்கு 15 என்று வைத்தால் மொத்தம் 105. திரும்பும்போது கிராப் என்ற செல்போன் செயலியில் கூப்பிடும் டாக்ஸிக்கு 40 ஒதுக்குங்கள், பெரும்பாலும் அவ்வளவு ஆகாது. பெர்ரியில் ஒரு தடவை போய் வர 16, சாப்பாட்டுக்கு 80. எல்லாம் சேர்த்து 249 ரிங்கிட், ஏறக்குறைய 5,500 ரூபாய். மிச்சம் 18,000 ரூபாய்க்கு மேல்.

இப்போது பயத்தின் விலைக்கு வருவோம். கப்பல் நிறுவனத்தின் சொந்த டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் இரண்டும் கிடையாது. புக்கெட்டுக்கோ சிங்கப்பூருக்கோ நான்கு பேருக்குக் கடைசி நேர விமான டிக்கெட், ஓர் இரவு ஓட்டல், பயன்படுத்தாமல் போன அறைக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். இதைக் குறைந்தது 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பயணக் காப்பீடு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சாதாரணமாக, உங்கள் கவனக்குறைவால் கப்பல் தவறினால் பாலிசியில் பணம் வராது. பாலிசித் தாளில் அந்தப் பத்தியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

18,000 மிச்சம், 60,000 நஷ்டம். பத்து தடவை போனால் மூன்று தடவை கப்பலைத் தவறவிடும் அளவுக்குத் திட்டம் மோசமாக இருந்தால்தான் டூருக்குக் கட்டுவது லாபம். நிதானமாகத் திட்டம் போட்டால் அந்த வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனாலும் கார்டில் பாக்கி வைத்திருக்கும் குடும்பத்துக்கு 60,000 ரூபாய் திடீர்ச் செலவு சும்மா விழுங்கக்கூடியது அல்ல. அதனால், மிச்சப்படுத்தும் பணத்தில் கொஞ்சத்தை நேரம் வாங்கச் செலவழியுங்கள் என்கிறேன். காலையில் பஸ், பிற்பகலில் டாக்ஸி என்று பிரித்தது இதற்காகத்தான். காலையில் பஸ் அரை மணி தாமதமானால் ஒன்றும் குடி முழுகாது. பிற்பகலில் அதே அரை மணி, வியர்க்க வைத்துவிடும்.

நேரக் கணக்கு இப்படி. 6 மணிக்குக் கப்பல் புறப்படும் என்றால் எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால். கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் போட்டிருப்பார்கள்; 6 மணியை மறந்துவிட்டு அந்த நேரத்தை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் துறையில் நிற்க வேண்டியது 4 மணிக்கு. காலையில் 8 மணிக்கே இறங்கிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கப்பல் முழுக்க ஆட்கள், குடிநுழைவு வரிசை எல்லாம் தாண்டி வெளியே வர 9 அல்லது 9.30 ஆகிவிடலாம். பஸ் மலையடிவாரம் போக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

பலர் கோட்டை விடுவது பஸ்ஸில் அல்ல, மலை ரயிலில். ஏறும்போது வரிசையைப் பார்த்து நேரம் கணக்குப் போடுவார்கள். இறங்கும்போதும் அதே வரிசை உண்டு என்பது ஞாபகம் இருக்காது. விடுமுறை நாளிலும் வார இறுதியிலும் மேலே இறங்குவதற்குக் காத்திருக்கும் கூட்டம் நீளமாகப் போகும். உங்கள் அப்பா அங்கே நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கும். அடிவாரத்தில் வரிசை மிக நீளமாக இருந்தால் மலையை விட்டுவிட்டு, பஸ் வந்த வழியிலேயே இருக்கும் கெக் லோக் சி புத்தர் கோவிலைப் பாருங்கள். மலைக்கு ஏறினால், 12.30க்கு மேல் மேலே இருக்க வேண்டாம். மலை ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கி வைக்காதீர்கள். வானிலையாலோ வேறு காரணத்தாலோ கப்பல் பினாங்கில் நிற்காமல் போகலாம், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அப்படி நடந்தால் கப்பல் டூருக்குக் கட்டியது திரும்பி வரும், நீங்களாக வெளியே முன்பணம் கட்டியது பெரும்பாலும் வராது. பஸ்ஸின் அருமை இங்கேதான்: முன்பணமே இல்லாததால் போவதற்கு எதுவும் இல்லை.

மதியம் ஊருக்குள் வந்த பிறகு அவசரம் இல்லை. லிட்டில் இந்தியா துறையிலிருந்து நடக்கும் தூரம். குவீன் தெருவில் 1833இல் எழும்பிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. தமிழில் பேசிச் சாப்பாடு வாங்க அங்கே சிரமமே இருக்காது. அப்பாவுக்குக் கால் வலித்தால் ஜார்ஜ் டவுன் பழைய ஊர்ப் பகுதியைச் சுற்றி வரும் கேட் என்ற பஸ் இலவசம், வெல்ட் கீயிலேயே ஏறலாம்.

பெர்ரியை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பட்டர்வொர்த்தில் உங்களுக்குப் பார்க்கவேண்டியது எதுவும் இல்லை. கடலில் பத்துப் பதினைந்து நிமிடம் போவதுதான் பார்க்க வேண்டியது. கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய பெரிய பெர்ரிகள் போய், 2023 ஆகஸ்டிலிருந்து ஏசி வைத்த புதுப் பயணிப் படகுகள் ஓடுகின்றன. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் உங்கள் கப்பல் நிற்பது தெரியும், மகளுக்கு அது பிடிக்கும். ஆனால் தீவைவிட்டு வெளியே போகிறோம் என்பது நினைவிருக்கட்டும். 2.30க்குள் படகில் ஏற முடிந்தால் மட்டும் போங்கள். அதற்கு மேல் ஆனால் அந்த 16 ரிங்கிட்டுக்கு லிட்டில் இந்தியாவில் செண்டோல் என்ற ஐஸ் போட்ட இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கையில் பணம் எப்படி வைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் ரொக்கம் கொடுத்தால் பாக்கிச் சில்லறை தரமாட்டார்கள், டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் சரியான தொகையைப் போட வேண்டும். 100 ரிங்கிட் நோட்டை நீட்டினால் வேலைக்கு ஆகாது. முதல் காரியமாக ஒரு கடையில் தண்ணீர் வாங்கி 1, 5 ரிங்கிட் நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். பெர்ரிக்குக் கார்டு தேவைப்படலாம் என்பதால் முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று உடன் இருக்கட்டும். எங்கே கார்டு தேய்த்தாலும் “ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா?” என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட்டையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை அவர்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் நான்கு பேருக்கும் நகல் எடுத்துக் கையில் வையுங்கள்.

புக்கெட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டுச் சின்னப் படகில் கரை சேர்க்கும். திரும்பும் கடைசிப் படகின் நேரம்தான் உங்கள் கெடு. கூடவே தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் செல்போன் கடிகாரத்தை நம்பி வந்தவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருக்கிறார்கள். பினாங்கில் இந்தத் தொல்லை இல்லை, சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். புக்கெட்டில் கரையோரமாகவே இருந்துவிட்டு வாருங்கள், செலவும் குறைவு.

இனி அந்த 60,000 பாக்கி. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப்பட்டது இதுதான். கார்டில் முழுத் தொகையையும் கட்டாமல் பாக்கி வைத்திருக்கும்போது, புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3, 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36, 42 சதவீதம். கப்பலில் ஏறியதும் உங்கள் அறைக் கணக்கோடு ஒரு கார்டை இணைக்கச் சொல்வார்கள். பாக்கி இருக்கும் கிரெடிட் கார்டை இணைத்தால் டூர், கூல் டிரிங்க்ஸ், போட்டோ எல்லாம் அதே வட்டியில் ஏறும், வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாகப் போடும் மார்க்கப்பும் அதன்மேல் ஜிஎஸ்டியும் தனி. ஃபாரெக்ஸ் கார்டை இணைக்கவும் வேண்டாம், செலவழிக்காத தொகையையும் பிடித்து வைத்து விடுவிக்கப் பல நாள் ஆக்குவார்கள். கரையில் உங்களுக்கு அந்தப் பணம் தேவை. ரொக்கமாக முன்பணம் கட்ட முடியுமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள், பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன.

டூருக்கு ஒதுக்கிய 23,800இல் 5,500ஐ ரிங்கிட்டாக மாற்றுங்கள். மீதி 18,300ஐ ஊர் திரும்பும் வரை வைத்திருக்காமல், புறப்படும் முன்பே கார்டு பாக்கியில் கட்டிவிடுங்கள். அந்த ஒரு கட்டணத்தாலேயே மாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் வட்டி நிற்கும். பாக்கி 41,700ஐ எத்தனை மாதத்தில் அடைக்க முடியும் என்று உங்கள் சம்பளக் கணக்கோடு எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.