டெக்ஸாஸில் பெற்ற துப்பாக்கி உரிமம் நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்த பின் செல்லுமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் டெக்ஸாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருந்தேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான டெக்ஸாஸ் உரிமம் அடுத்த ஆண்டு வரை செல்லும். வேலை மாறியதால் சென்ற மாதம் குடும்பத்தோடு நியூஜெர்சியில் எடிசனுக்கு வந்துவிட்டோம். உட்டா அல்லது ஃப்ளோரிடாவில் வெளிமாநிலத்தவருக்கான உரிமம் வாங்கிவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் செல்லும் என்று நண்பர் சொல்கிறார். பென்சில்வேனியா மாநிலம் பிட்ஸ்பர்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அடிக்கடி காரில் போய்வருகிறேன். ஹெச்-1பி விசாவில் உள்ள என் தம்பியும் எங்களுடன்தான் தங்கியிருக்கிறான். நான் எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்? அதுவரை டெக்ஸாஸ் உரிமத்தை வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து இருக்கிறது. சமாளிக்க முடியாது. வேறு எந்த மாநிலம் வழங்கிய உரிமத்தையும் நியூஜெர்சி ஏற்பதில்லை. டெக்ஸாஸ் உரிமத்துக்கும், நண்பர் சொல்லும் உட்டா, ஃப்ளோரிடா உரிமங்களுக்கும் அங்கே ஒரே மதிப்புதான். அதாவது எந்த மதிப்பும் இல்லை. ஓட்டுநர் உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்வதுபோல் துப்பாக்கி உரிமமும் செல்லும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஒரு மாநிலம் மற்றொன்றின் துப்பாக்கி உரிமத்தை ஏற்றாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. யார் யாருடையதை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது.

நியூஜெர்சியில் உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கியுடன் வெளியே செல்வது இரண்டாம் நிலைக் குற்றம். அதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதோடு, கிரேவ்ஸ் சட்டம் என்று அழைக்கப்படும் விதியின்படி, பொதுவாகக் குறைந்தது 42 மாதங்கள் பரோல் இன்றி உள்ளே இருந்தாக வேண்டும். 2013 அக்டோபரில் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், அட்லாண்டிக் கவுன்ட்டியில் சாதாரணப் போக்குவரத்துச் சோதனைக்காக நிறுத்தப்பட்டபோது, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே காவலரிடம் சொன்னார். உரிமம் அங்கும் செல்லும் என்று அவர் நம்பியிருந்தார். கைதாகி, சிறையிலும் இருந்து, நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி பொது மன்னிப்பு வழங்கியதால்தான் அவர் முழுமையாக மீண்டார். அவர் எதையும் மறைக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை. அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே இடத்தில் நீங்கள் நிற்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, நீங்கள் இன்று எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி. வீடமைத்துத் தங்கும் நோக்கத்தோடு ஒருவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அதுவே அவருடைய வசிப்பிடம் என்று கூட்டாட்சி விதிமுறை சொல்கிறது. குடும்பம், வேலை, வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றும் எடிசனில் இருக்கும் நிலையில், சட்டைப்பையில் டெக்ஸாஸ் ஓட்டுநர் அட்டை இருப்பதால் மட்டும் நீங்கள் டெக்ஸாஸ்காரர் ஆகிவிட மாட்டீர்கள். ஆகவே நியூஜெர்சி மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் வெளிமாநிலத்தவர் என்று விண்ணப்பிக்கும் வழி உங்களுக்கு இல்லை. பழைய முகவரியைக் காட்டி எந்த மாநிலத்திலும் விண்ணப்பிக்கவும் வேண்டாம். உரிம விண்ணப்பத்தில் பொய் முகவரி கொடுப்பது தனிக் குற்றம். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் கூட்டாட்சிப் படிவத்தில் அதைச் செய்தால், 10 ஆண்டுவரை தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றமாகிவிடும்.

டெக்ஸாஸில் முறையாக வாங்கிய துப்பாக்கியை வீடு மாறும்போது உடன் கொண்டுவந்ததில் தவறில்லை. அதை உங்கள் வீட்டுக்குள் வைத்திருக்க நியூஜெர்சியில் எடுத்துச் செல்லும் உரிமம் தேவையில்லை. ஆனால் 2022 ஜூலையில் கையெழுத்தான ஒரு சட்டத்தின்படி, புதிதாகக் குடியேறுபவர் 60 நாட்களுக்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டையைப் பெற்று, வெளிமாநிலத்தில் வாங்கிய கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்பதால் இந்த வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். துப்பாக்கியோடு வந்த மேகசினையும் எடுத்துப் பாருங்கள். டெக்ஸாஸ் கடைகளில் சர்வசாதாரணமாக விற்கும் 15 அல்லது 17 தோட்டா கொள்ளும் மேகசின், 10-க்கு மேல் கூடாது என்ற நியூஜெர்சியின் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு அலமாரியில் இருந்தாலும் குற்றமே. அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. ஆனால் வேறொருவர் தொடுத்த வழக்கில் என்றோ வரப்போகும் தீர்ப்பை நம்பி நீங்கள் இன்று அதை வைத்திருக்கக் கூடாது. முனை குழிந்த தோட்டாக்களை வீட்டிலும் பயிற்சி மைதானத்திலும் வைத்திருக்கலாம். உரிமம் கிடைத்த பின்பும் அவற்றைத் தெருவில் கொண்டு செல்ல முடியாது.

இனி உரிமம். 2022 ஜூன் 23 அன்று புரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்கு முன்பு, தனிப்பட்ட உயிராபத்தை நிரூபிக்க முடியாத சாதாரணக் குடிமகனுக்கு நியூஜெர்சியில் இந்த உரிமம் கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். தற்காப்புக்காகத் துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியலமைப்பு தரும் உரிமை, அதற்குச் சிறப்புக் காரணம் காட்டச் சொல்லக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு கூறியதால், இப்போது தகுதியுள்ளவர்கள் பெற முடிகிறது. அதே ஆண்டு டிசம்பரில் மாநிலம் புதிய சட்டம் கொண்டுவந்து கட்டணத்தை 200 டாலராக உயர்த்தியது, பயிற்சியைக் கட்டாயமாக்கியது, பள்ளி, நீதிமன்றம் எனத் துப்பாக்கியோடு நுழையக் கூடாத இடங்களின் நீண்ட பட்டியலையும் சேர்த்தது. அந்தப் பட்டியலின் சில பகுதிகள் வழக்குகளில் சிக்கியிருப்பதால், உரிமம் கையில் வரும் நாளில் அப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்வது அவசியம். நீங்கள் எடிசன் காவல்துறைத் தலைவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரத்த உறவோ திருமண உறவோ அல்லாத, உங்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாக அறிந்த நான்கு பேர் உங்களுக்காகச் சான்றளிக்க வேண்டும். ஊருக்குப் புதியவர் என்று இதில் தயங்க வேண்டாம்: அவர்கள் நியூஜெர்சிக்காரர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லாததால், ஃபிரிஸ்கோ நண்பர்களின் பெயர்களைத் தரலாம். காவல்துறை அவர்களைத் தொடர்புகொள்ளும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உரிமம் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.

பிட்ஸ்பர்க் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கு படித்தவர்களும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்ற 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, தோட்டாவை நீக்கி, கைக்கு எட்டாத இடத்தில், டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் வைத்து, ஒரு மாநிலத்தின் வழியாக இன்னொரு மாநிலத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டு செல்லலாம். ஆனால் புறப்படும் இடம், சேரும் இடம் ஆகிய இரண்டிலும் அதை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தாக வேண்டும். எடிசனில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு; எடுத்துச் செல்லும் உரிமை இன்னும் இல்லை. நியூஜெர்சிச் சட்டம் தரும் விலக்குகளோ வீடு மாறுதல், பயிற்சி மைதானம், வேட்டை, பழுதுபார்க்கும் கடை போன்ற குறிப்பிட்ட பயணங்களுக்கு மட்டுமே உரியவை. அக்கா வீடு அவற்றில் வராது. வேறு மாநில உரிமம் உள்ளவர் காருக்குள் துப்பாக்கி வைத்திருப்பதற்குப் பென்சில்வேனியா ஒரு விலக்கு தருகிறது என்பது உண்மைதான், ஆனால் இரு மாநிலங்களுக்கும் எல்லையான டெலவேர் ஆற்றைத் தாண்டும் முன்பே நீங்கள் குற்றம் செய்தவராகிவிடுவீர்கள். உரிமம் வரும்வரை துப்பாக்கி வீட்டிலேயே பூட்டி இருக்கட்டும்.

அந்தக் கூட்டாட்சிப் பாதுகாப்பு எவ்வளவு குறுகியது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2005-இல் உட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் போகும் வழியில் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியைத் திரும்பப் பெற்று, ஓர் இரவு விடுதியில் தங்கி, மறுநாள் காலை விமான நிலையத்தில் முறைப்படி அதை அறிவித்தபோது கைதானார். அவர் மீதான குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. ஆனால் கைது தவறு என்று அவர் தொடுத்த வழக்கில், அந்த இரவு பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது என்று 2010-இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

நியூஜெர்சி உரிமம் வந்த பிறகுதான் வெளிமாநிலத்தவர் உரிமம் என்ற பேச்சுக்குப் பொருள் வருகிறது, அதிலும் உங்களுக்கு முதலில் தேவைப்படுவது பென்சில்வேனியா உரிமமே. விண்ணப்பிப்பவரின் சொந்த மாநிலம் உரிமம் வழங்குமானால், முதலில் அந்த உரிமம் இருந்தாக வேண்டும் என்பது பென்சில்வேனியச் சட்டம். அது கையில் இருந்தால் கவுன்ட்டி ஷெரீஃப் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிமாநிலத்தவரின் விண்ணப்பங்களைக் கையாளும் முறை கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறுவதால், நேரில் போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கட்டணம் 20 டாலர். ஐந்து ஆண்டு செல்லும்.

உங்கள் நண்பர் சொன்னது முழுக்கத் தவறல்ல. உட்டா உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன, எடிசனில் இருந்தபடியே நீங்கள் அதற்கு விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் மிச்சிகன், கொலராடோ போன்ற மாநிலங்கள், உரிமம் கொடுத்த மாநிலத்திலேயே வசிப்பவரின் உரிமத்தை மட்டுமே ஏற்கின்றன. பென்சில்வேனியாவும் 2013 முதல் ஃப்ளோரிடா உரிமத்தை ஃப்ளோரிடாவாசிகளிடம் இருந்தால் மட்டும் ஏற்கிறது. ஆகவே நீங்கள் அடிக்கடி போகும் இடங்களுக்கு அந்த உரிமம் உதவாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே வழங்கிய உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. வேறொரு மாநிலத்தின் உரிமத்தை அந்த மாநிலம் ஏற்றுக்கொண்டிருப்பது மட்டும் இதற்குப் போதாது என்பதே துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டாட்சித் துறையின் (ஏ.டி.எஃப்) நிலைப்பாடு. எந்த ஊருக்குள் காரோட்டினாலும் 1000 அடிக்குள் ஒரு பள்ளி வந்துவிடும் என்பதால், நீங்கள் போகும் மாநிலமே தரும் உரிமத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதியிருந்தாலும், எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். பொருள் உங்கள் பெயரில் இருந்தாலும், அதை அவர் எடுக்கவும் கையாளவும் முடிகிற நிலை இருந்தால், அது அவர் வசமும் இருந்ததாக அரசுத் தரப்பு வாதிட இடம் உண்டு. அதன் விளைவு அவருடைய விசாவையும் நாளைய கிரீன் கார்டையும் சேர்த்துப் பாதிக்கும். துப்பாக்கியையும் தோட்டாவையும் பூட்டுப் பெட்டகத்தில் வைத்து, சாவியோ இலக்கமோ உங்களிடம் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். பயிற்சி மைதானத்துக்கு அவரை அழைத்துப் போய்ச் சுடச் சொல்லவும் வேண்டாம்.

டெக்ஸாஸ் உரிமத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2021 செப்டம்பர் முதல் அங்கே உரிமம் இல்லாமலே 21 வயதானவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்ல முடியும் என்றாலும், மேலே சொன்ன பள்ளி விலக்குக்காக அந்த அட்டை டல்லாஸ் பக்கம் போகும்போது பயன்படும். முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் டெக்ஸாஸ் பொதுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணக்கில் அந்தக் கெடு முடியும் தறுவாயில் இருக்கிறது அல்லது முடிந்துவிட்டது, ஆகையால் அதை இன்றே செய்துவிட்டு, அனுப்பியதற்கான நகலை எடிசன் விண்ணப்பக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.